வேலை முடிஞ்சா கிளம்பணும்

(தலைப்பு: மருத்துவத்தில் நமக்குப் பெரிதும் துணை நிற்பது, நிலைத்து நிற்கும் பொருளே! கரைந்து மறையும் பொருளே! பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கரைந்து மறையும் பொருளே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என்னைக் கொஞ்சம் கதிகலங்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தோழர்களே! பெரியநாயக்கன்பாளையத்துப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால், ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் நல்லாத்தான் பேசினார். “இந்த ஊருக்கு வந்து கரையற பொருளைப் பத்திப் பேசலாமா? மேட்டுப்பாளையம் ரோட்டுல இறங்கினாலே மில்லுக்கு மெஷின் செய்யற பெரிய ஃபேக்டரி. இரும்பை நம்பிப் பிழைக்கிற ஊரு. இரும்பு மாதிரி நிக்கிறதுதானுங்க தரம்” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

ஐயா, அந்த மெஷின் எதை நூற்கிறதுக்குங்க? பஞ்சை! பஞ்சு என்ன ஆகும்? மண்ணுல போட்டா மக்கிப் போகும்! ஆக, இந்த ஊரு இரும்பே மக்கிப் போகிற பொருளுக்குத்தான் நூறு வேலை செஞ்சு கொடுத்துக்கிட்டிருக்கு. (கைதட்டல்) உங்க வாதத்தை எங்க ஊருக்கு வந்து சொல்லாம இருந்திருக்கலாம்.

நடுவர் அவர்களே, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததுக்குக் காரணம் புத்தகப் படிப்பு இல்லை. என் தம்பி.

அவனுக்கு அப்போ பதினோரு வயசு. இங்கிருந்து பாலமலைக்குப் போற வழியில எங்க மாமன் தோட்டம். அங்கே ஒரு முருங்கை மரம். முருங்கை மரத்துல வேதாளம் ஏறலாம், மனுசன் ஏறக்கூடாது. இவன் ஏறினான். (சிரிப்பு) கிளை சடக்குன்னு முறிஞ்சது. மரத்துக் கிளை மட்டும் முறியலைங்க, அவன் முன்னங்கை எலும்பும் முறிஞ்சது. மாவுக்கட்டுப் போட்டும் எலும்பு ஒழுங்கா நிக்கலை. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் செஞ்சு, ஒரு பிளேட்டை வெச்சு, ஆறு திருகு போட்டு முடுக்கினாங்க. டாக்டர் நல்ல மனுசர். கை நல்லாவே கூடிருச்சு. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்த ஆபரேஷனுக்கு எங்க அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தாங்க. சரி, முடிஞ்சதுன்னு நாங்க நினைச்சோம். அடுத்த வருஷம் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டுச் சொன்னார்: “எலும்பு அருமையா கூடிருக்கு. வளர்ற பையன், பிளேட்டை உள்ளே விட வேண்டாம். எடுத்துடலாம்.” எடுக்கறதுன்னா என்னங்க? மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் கத்தி, மறுபடியும் தையல், மறுபடியும் கட்டில் வாடகை. எங்க அய்யனுக்கு மறுபடியும் பதினஞ்சு நாள் கூலி போச்சு. இந்தத் தடவை சீட்டுப் பணம் இல்லை. கன்னுக்குட்டியோட எருமையை ஓட்டிக்கிட்டுப் போய்ச் சந்தையில வித்துட்டு வந்தாங்க. தம்பிக்கு அந்த வருஷம் முழுப் பரீட்சையும் போச்சு.

மயக்க ஊசி போடறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான். “ஏண்ணா, எடுக்கறதுன்னா எதுக்கண்ணா வெச்சாங்க?”

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. இன்னைக்குத் தெரியும். எலும்பு கூடறதுக்குச் சில மாசம் ஒரு துணை வேணும். அவ்வளவுதான். கான்கிரீட் போடறப்போ சென்ட்ரிங் அடிக்கிறோமே, அது மாதிரி. தளம் இறுகின பிறகு சென்ட்ரிங்கைப் பிரிச்சாகணும். அந்தச் சென்ட்ரிங் தானாவே பிரிஞ்சு போற மாதிரி ஒரு பொருள் இருந்தா? அதைத்தான் எங்க அணி கேட்குது.

“இதெல்லாம் நேத்து வந்த சமாச்சாரம், நம்பலாமா?” என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். நேத்து வந்ததில்லைங்க அம்மா. சுஸ்ருத சம்ஹிதையில் ஒரு வைத்தியம் இருக்கிறது. குடல் கிழிந்துவிட்டால், கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விடுவது. எறும்பு கவ்வினதும் உடம்பைக் கிள்ளிவிட்டு, தலையை மட்டும் விட்டுவிடுவது. தலை கிளிப்பு மாதிரி நிற்கும். அப்படியே குடலை உள்ளே தள்ளி வயிற்றைத் தைத்துவிடுவது. அந்தத் தலைகளை எடுக்கிறதுக்கு யாரும் இரண்டாவது தடவை வயிற்றைத் திறக்கலை. உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள்.

அதுக்கப்புறம் வந்தது ஆட்டுக்குடல். நம்ம பக்கம் குடல்னா குழம்பு வெப்போம். (சிரிப்பு) வெள்ளைக்காரர்கள் அதை முறுக்கி நூலாக்கிக் காயம் தைத்தார்கள். கேட்கட் நூல் என்று பேர். பேரில்தான் பூனை இருக்கிறது, பொருளில் ஆடு, மாடுதான். ஆபரேஷனில் கிருமி ஒழிப்பைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் 1860-களிலேயே இந்த நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். 1970-களில் ரசாயனச் சாலையிலேயே செய்த கரையும் நூல் வந்தது. மூன்று வாரம் போலக் காயத்தைப் பிடித்து நிற்கும், இரண்டு, இரண்டரை மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பிரசவத்துல தையல் போட்டிருப்பாங்க. “தையல் பிரிக்க வர வேண்டாம்மா, அதுவே கரைஞ்சுடும்”னு நர்ஸ் சொல்லியிருப்பாங்களே? அந்தத் தையல் எங்க அணிங்க! எதிரணித் தலைவர் வீட்டு அம்மாவைக் கேட்டாலும் எங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க. (பலத்த கைதட்டல்)

சரி, நூல் கரைந்தது. எலும்புக்குத் திருகு, பிளேட்டு கரையுமா? அங்கேதான் விஷயம் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகள் முன் வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புரிந்தால் எதிரணிக்கும் புரியும்.

பாலிலாக்டிக் அமிலம் என்று ஒரு பிளாஸ்டிக். மக்காச்சோள மாவு, கரும்புச் சர்க்கரை இதிலிருந்து செய்யலாம். உடம்புக்குள்ளே ஈரம் பட்டுப் பட்டு அது லாக்டிக் அமிலமாக உடையும். லாக்டிக் அமிலம் வேறெங்கேயோ இருந்து வந்த விஷம் இல்லை. தயிர் புளிக்கிறதே, அதில் இருப்பது அதுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நம்ம தசையே அதைத் தயாரிக்கும். கடைசியில் தண்ணீராகவும், மூச்சில் விடுகிற கரியமில வாயுவாகவும் போய்விடும்.

ஆனால் இதை மட்டும் வெச்சு எல்லா எலும்பையும் பிடிக்க முடியாது. நானே ஒத்துக்கறேன், எதிரணிக்கு வேலை வைக்கலை. ஒண்ணு, அதுக்கு உறுதி பத்தாது. இன்னொண்ணு, கரையறப்போ ஒரே இடத்துல புளிப்பு சேர்ந்தா அந்த இடம் வீங்கும். மூணாவது, எலும்புக்கு அதைப் பார்த்தா ஒட்டணும்னு தோணாது. புதுச் சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி கொஞ்சம் தள்ளியே நிக்கும். (சிரிப்பு)

இதுக்கு என்ன வழின்னு விஞ்ஞானிகள் எலும்பையே கேட்டாங்க. நம்ம எலும்பு எதனால ஆனது? வீட்டுல ஒரு பரீட்சை செஞ்சு பாருங்க. கோழிக்கறி சாப்பிட்ட பிறகு கால் எலும்பைச் சுத்தமாக் கழுவி, ஒரு பாட்டில்ல வினிகரை ஊத்தி, உள்ளே போட்டு மூடி வெச்சுடுங்க. நாலஞ்சு நாள் கழிச்சு எடுத்தா அந்த எலும்பு ரப்பர் மாதிரி வளையும். சுண்ணாம்புச் சத்து எல்லாம் வினிகர்ல இறங்கிடுச்சு, மிச்சம் இருக்கிறது கொலாஜன்கிற புரதம். இன்னொரு எலும்பை எடுத்து நெருப்புல நல்லாச் சுட்டுப் பாருங்க. இப்போ புரதம் எரிஞ்சு போச்சு, தாது மட்டும் மிச்சம். விரலால அழுத்தினா சாக்பீஸ் மாதிரி நொறுங்கும். தனியா இருந்தா ஒண்ணு வளையுது, இன்னொண்ணு நொறுங்குது. ரெண்டும் சேர்ந்தா? எழுபது கிலோ மனுசனைச் சுமந்துக்கிட்டு பாலமலை ஏறுது!

எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் சூட்சுமம். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. அந்தத் தாது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய படிகங்களாக, புரத நாருக்குள்ளே நாருக்குள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக வெட்டினால் ஒரு பங்குக்குப் பேர் நானோ மீட்டர். நம்ம தலைமுடியின் கனமே எண்பதாயிரம், லட்சம் நானோ மீட்டர் வரும். எலும்புப் படிகத்தின் கனம் சில நானோ மீட்டர்தான். ஆக, ‘நானோ கலவை’ என்று இன்றைக்குப் பெரிய பேராகச் சொல்கிறார்களே, அதை முதலில் செய்தது எந்தக் கம்பெனியும் இல்லை. நீங்க ஒவ்வொருத்தரும் இருநூற்றுச் சொச்சம் எலும்பாக அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்க அப்புச்சி காலத்து வீட்டுச் சுவத்துல மண்ணோட வைக்கோலைக் கலந்து மிதிப்பாங்க. வெறும் மண் விரிசல் விடும், வைக்கோல் பிடிச்சு நிறுத்தும். அதே புத்திதான் இது. அளவுதான் வேற. பொடி எவ்வளவுக்கெவ்வளவு நைசோ அவ்வளவுக்கவ்வளவு அது மத்ததைத் தொடற இடம் அதிகம். கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாய்மார்கள் கைக்குத் தெரியும். ஜப்பானில் டொயோட்டா ஆய்வுக்கூடத்தில் 1980-களில் நைலானோடு கொஞ்சமே கொஞ்சம் களிமண்ணை இந்த நுண்ணிய அளவில் கலந்தார்கள். நைலானுக்கு வந்த உறுதியைப் பார்த்து உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே மாதிரி அந்தப் பாலிலாக்டிக் அமிலத்தோட, எலும்புல இருக்கிற அதே தாதுவை, ஹைட்ராக்சி அப்படைட் என்று பேர், நைசான பொடியாக்கிக் கலந்தால்? உறுதி கூடுகிறது. தாது காரம், அமிலம் புளிப்பு, ஒன்றையொன்று தணிக்கிறது. எலும்பும் “அட, நம்ம ஆளு”ன்னு வந்து ஒட்டிக்குது. முழங்கால் தசைநார் அறுந்தால் வைக்கிற திருகு, முகத்து எலும்பு முறிந்தால் வைக்கிற சின்னப் பிளேட்டு, இதெல்லாம் இந்த வகைக் கலவையில் இன்றைக்கு மனித உடம்புக்குள்ளே போய் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கரைகிற உலோகம்கூட வந்துவிட்டது. மக்னீசியத்தில் செய்த திருகுக்கு 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கடிகாரம்ங்க. கலவையை மாத்தினா கரையற காலமும் மாறும். ஒரு வகையில கலந்தா ரெண்டு மாசம், இன்னொரு வகையில கலந்தா ரெண்டு மூணு வருஷம். விருந்தாளி வரும்போதே, “நான் பதினஞ்சு நாள் இருப்பேன், பதினாறாம் நாள் காலைல கிளம்பிடுவேன்”னு சொல்லிட்டு வந்தா எப்படி இருக்கும்? நடுவர் அவர்களே, அப்படி ஒரு விருந்தாளி உங்க வீட்டுக்கு வந்திருக்காங்களா? (சிரிப்பு) “வரவில்லை” என்கிறார் நடுவர். அம்மா டி.வி. பார்த்துக்கிட்டிருப்பாங்க, பார்த்துப் பேசுங்க.

இப்போது எதிரணிக்கு வருகிறேன். இரண்டாவது பேச்சாளர் இதய வால்வைப் பற்றிப் பேசினார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கி, 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தின வால்வு. இறக்குமதி வால்வு வாங்க வக்கில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர் கொடுத்த வால்வு. அதைச் சொல்லிவிட்டு, “இது கரையலாமா?” என்று கேட்டார்.

கரையக்கூடாதுங்க! கரைஞ்சா ஆள் காலி! அந்த வால்வுக்கு இதே மேடையில நானும் எழுந்து நின்னு கும்பிடு போடறேன். வால்வுக்கு வேலை முடியறதே இல்லை, ஆயுசு பூரா திறந்து மூடணும். வேலை முடியாத பொருள் நிக்கட்டும். என் வாதம், வேலை முடிஞ்ச பொருளைப் பத்தி. எலும்புத் திருகு, தையல் நூல், தீப்புண்ணுக்குப் போடற கட்டு, இதுக்கெல்லாம் வேலை ஒரு நாள் முடிஞ்சுடுது. வேலை முடிஞ்சும் நாற்காலியை விடாம உட்கார்ந்திருக்கறதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா, அரசியல் பேசக்கூடாதுன்னு நடுவர் மணி அடிச்சுடுவார். (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து, ஸ்டென்ட். “இதய ரத்தக் குழாய்க்குக் கரைகிற ஸ்டென்ட் கொண்டு வந்தார்களே, என்ன ஆயிற்று?” என்று கேட்டபோது எதிரணியில் ஒரே ஆரவாரம். என்ன ஆயிற்று என்று நானே சொல்கிறேன். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலோக ஸ்டென்ட்டை விட இதில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம் என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. 2017-ல் அந்தக் கம்பெனியே விற்பனையை நிறுத்திவிட்டது. நடந்தது நடந்ததுதான். நோயாளிகள் கஷ்டப்பட்டார்கள், அதை மறைத்துப் பேசினால் நான் மனுசனில்லை. பிளாஸ்டிக்குக்கு உலோகத்தின் உறுதி இல்லாததால் கம்பி தடிமனாக இருந்தது. தடிமனான கம்பி ரத்த ஓட்டத்துக்குத் தடை. அதே கம்பெனி திரும்ப உட்கார்ந்து, கம்பியை மெலிசாக்கி, முழங்காலுக்குக் கீழே அடைபடுகிற ரத்தக் குழாய்களுக்காக ஒன்றைச் செய்து, 2024-ல் அனுமதி வாங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் போகிற இடம் அதுதான். நம்ம பக்கம் சர்க்கரை எத்தனை வீட்டுல இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால தொடை எலும்புக்கு இன்னைக்கே இந்தக் கலவையை வையுங்கன்னு நான் கேட்கலை. பாரம் தாங்கற பெரிய எலும்புக்கு இன்னும் உலோகம்தான். அதுவும் தெரியும்.

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் உடம்புக்குள்ளே பேசினேன். இப்போ வெளியே வாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் வாங்க.

நமக்கு மஞ்சப்பைன்னா என்னங்க? கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்கைத் தடை பண்ணி, 2021 கடைசியில ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு இயக்கமே நடத்தினாங்க. ஆனா ஆஸ்பத்திரியில மஞ்சள் பைன்னா அர்த்தம் வேற. ரத்தம் பட்ட பஞ்சு, சீழ் பட்ட கட்டு, வெட்டி எடுத்த சதை, இதெல்லாம் மஞ்சள் பை. எரியூட்டணும். ஊசிக்குழாய், டியூப், கையுறை இதுக்குச் சிவப்பு. மருத்துவக் கழிவுக்கு முதலில் 1998-ல் விதி போட்டார்கள், 2016-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்சின் என்கிற கொடிய நஞ்சு வரும் என்பதால், அந்த வகைப் பைகளையும் கையுறைகளையும் கைவிடச் சொல்லி நாள் குறித்தார்கள். விதி நல்ல விதி. விதிப்படி நடக்கிற ஆஸ்பத்திரிகளும் உண்டு.

நடக்காதவங்க என்ன செய்யறாங்க? 2024 டிசம்பர்ல திருநெல்வேலிப் பக்கத்துல நடுக்கல்லூர், கொடகநல்லூர் கிராமங்கள்ல, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டு வந்து கொட்டிட்டுப் போயிருந்தாங்க. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்திலிருந்து லாரி வந்து திரும்ப அள்ளிக்கிட்டுப் போனது. கொட்டற இடம் எப்பவாவது பங்களாத் தெருவா இருந்திருக்கா? ஆடு மேயற காடு, குளத்து மேடு, இதுதான் இடம். குப்பையைக் கிளறி வயித்தைக் கழுவறவங்க கைதான் அந்த ஊசியில படுது. நிலைச்சு நிக்கற பொருளை நீங்க மேடையில பாராட்டறீங்க. அது எங்கே போய் நிலைச்சு நிக்குதுன்னு பார்க்க வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

2020-ஐ நினைச்சுப் பாருங்க. கொரோனா வந்தது. உடம்பு முழுக்க மூடற அந்த ஆடையை நம்ம நாட்டுல அதுக்கு முன்னால ஏறக்குறைய யாரும் செஞ்சதே இல்லை. செஞ்சா ரத்தம் உள்ளே புகுமா புகாதான்னு சோதிக்கணுமே? செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோட துணி மேல செலுத்திப் பார்க்கிற அந்தச் சோதனையை மார்ச் மாதம் முதன்முதலாக ஏற்றுச் செய்தது எங்கே தெரியுமா? டெல்லியில் இல்லை, மும்பையில் இல்லை. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கிற சிட்ரா! 1956-ல் மில்லுக்காரர்களுக்காகத் தொடங்கின தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். நாடெங்கிலும் இருந்து துணி மூட்டை மூட்டையாக இங்கே வந்தது. ரெண்டே மாசத்துல நாட்டுல தினம் லட்சக்கணக்குல அந்த ஆடை தயாராச்சு, நம்ம கோவையும் திருப்பூரும் ராப்பகலாத் தைச்சது. பெருமைப்பட வேண்டிய விஷயம். நானும் பெருமைப்படறேன்.

ஆனா அந்தத் துணி பருத்தி இல்லைங்க. பாலிபுரோப்பிலீன். முகக்கவசமும் அதேதான். போட்டது ஒரு நாள், சில பேர் ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் அது எரியணும், இல்லைன்னா பல தலைமுறைக்குத் துகள் துகளாக் கிடக்கணும். ஒரு நாள் வேலைக்கு அத்தனை காலம் ஆயுசு எதுக்குங்க?

மாற்றுக்கு நாம எங்கேயும் கை நீட்ட வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யறதுக்குன்னே பேர் போன ஊர். அங்கே நெய்யறது பருத்தி. சென்னை அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மாட்டுத்தோல் பதனிடறதுல கழிவாப் போறதுலயே கொலாஜன் இருக்கேன்னு அதை எடுத்து, தீப்புண்ணுக்குப் போடற மெல்லிய ஏடு செஞ்சாங்க. பால் மேல ஆடை மாதிரி இருக்கும். புண்ணு மேல ஒட்டி வெச்சா, கட்டுப் பிரிக்கறப்போ சதையோட பிய்ச்சுக்கிட்டு வர்ற வேதனை இல்லை. தீப்பட்டவங்க வீட்டுல கட்டு மாத்தற நாள் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த அலறல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நாம உரிச்சு எறியற இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கிற முறையை உருவாக்கியது. அந்தக் கைட்டோசானில் செய்த கட்டைப் பொங்கி வருகிற ரத்தத்தின் மேல் அழுத்தினால் ரத்தம் உறைந்து நிற்கும். போர்க்களத்தில் சிப்பாய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். பருத்தியிலிருந்தே நானோ செல்லுலோஸ் எடுத்து, மும்பையில் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஆலையே வைத்துக் காட்டியிருக்கிறது. இறால் ஓடும், தோல் கழிவும், மில்லில் கூட்டித் தள்ளுகிற பஞ்சும் சேர்ந்தால் காயத்துக்குக் கட்டு. ஏனுங்க, இது மூணுல நமக்கு எது இல்லை?

ஒண்ணே ஒண்ணு எச்சரிக்கையாச் சொல்லிடறேன், என் அணிக்காரங்களே கோவிச்சுக்கக் கூடாது. ‘மக்கும்’னு அட்டையில அச்சடிச்சிருக்கிறதெல்லாம் மக்காது. அதே பாலிலாக்டிக் அமிலப் பையைத் தெருச் சாக்கடையில போட்டா வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும். அது சீக்கிரம் மக்கணும்னா அறுபது டிகிரி சூட்டுல உரம் ஆக்கற கிடங்கு வேணும். கோயமுத்தூர்ல எந்தச் சித்திரை வெயிலும் அவ்வளவு அடிக்காது. நானோ வெள்ளி கலந்த கட்டு கிருமியைக் கொல்லும், நல்லதுதான். ஆனா அந்த வெள்ளி மக்காது. சாக்கடையில போய் அங்கே இருக்கிற நல்ல கிருமியையும் கொல்லும். அதனால எதைக் கலக்கறோம், அது எங்கே போய்ச் சேருதுன்னு கேட்டுத்தான் வாங்கணும்.

எதிரணி அம்மையார் இன்னொன்று சொன்னார்கள். “எவர்சில்வர் ட்ரேயையும் கத்தரியையும் கொதிக்க வெச்சு முப்பது வருஷம் பயன்படுத்தலாமே, அதுதானே சிக்கனம்?” நூற்றுக்கு நூறு சரிங்க அம்மா. ட்ரேயைக் கரைச்சுக் குடிங்கன்னு நான் சொல்லவே இல்லை. (சிரிப்பு) கொதிக்க வெச்சுத் திரும்பப் பயன்படுத்த முடிஞ்சதையெல்லாம் பயன்படுத்துங்க. ஆனா ஒருத்தர் ரத்தம் பட்ட கட்டை இன்னொருத்தருக்குப் போட முடியுமா? என் தம்பி கையில இருந்து எடுத்த திருகை அடுத்த வீட்டுப் பையனுக்குப் போட முடியுமா?

விலை அதிகம்னு சொல்றீங்க. கரையற திருகு இன்னைக்கு உலோகத் திருகை விட விலை அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா கணக்கை முழுசாப் போடுங்க. திருகு விலையோட கணக்கு முடிஞ்சுதா? எடுக்கிற ஆபரேஷன் செலவைக் கூட்டுங்க. மயக்க ஊசி டாக்டரைக் கூட்டுங்க. பதினஞ்சு நாள் கூலியைக் கூட்டுங்க. ஒரு எருமை, ஒரு கன்னுக்குட்டி, அதையும் கூட்டுங்க. அந்த எருமைப் பாலை வித்துத்தான் எங்க அம்மா எனக்கு ஃபீஸ் கட்டிக்கிட்டிருந்தாங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, ஒரே நிமிஷம்.

(சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறார்.)

இது என் தம்பி கையில இருந்த பிளேட்டு. ஆஸ்பத்திரியில கழுவிக் கொடுத்தாங்க. எங்க அம்மா பீரோவுல, நகை வெக்கிற டப்பாவுல வெச்சிருந்தாங்க. நகை அந்த வருஷமே போயிருச்சு, டப்பா சும்மாத்தான் இருந்தது. ஆறு ஓட்டை, ஆறு திருகு. இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு பொட்டுத் துரு இல்லை, அப்படியே பளபளன்னு இருக்கு. நிலைச்சு நிக்கறதுக்கு இதை விடச் சாட்சி வேணுமாங்க? எதிரணித் தலைவரே, வாங்க, கையை நீட்டுங்க. வெச்சுக்கோங்க. எங்க வீட்டுல இதுக்கு இனிமே இடமில்லை.